அந்த எண் சம்பளமும் இல்லை, வயதும் இல்லை

1911 இங்கிலாந்து மக்கள்தொகைக் கணக்குத் தாளில் தொழில் கட்டத்தின் மேல் கிறுக்கியிருக்கும் எண் வாரச் சம்பளமாகவோ வயதாகவோ இருக்கலாம் என்று குடும்ப வரலாறு தேடுவது பற்றிய ஒரு கட்டுரையில் வருகிறது. இல்லை. தாளை நிரப்பியது குடும்பத் தலைவர்; அந்த எண்ணைப் போட்டது அப்புறம் லண்டனில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா. தொழிலுக்கு ஒரு குறியீடு. தகவலைத் துளைகளாகப் பதியும் துளை அட்டையில் ஏற்றி இயந்திரத்தில் எண்ணுவதற்காக.

குன்னூரில் எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டியின் தாத்தாவைத் தேடியபோது நானும் இதே குழியில் விழுந்தவன்தான். அதைவிட அங்கே கிடைத்த பொக்கிஷம் வேறு. பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு எத்தனை, இறந்தது எத்தனை என்ற கேள்வி கணவர் உள்ள பெண்களுக்கு மட்டும். அந்தத் தாளில் இருந்த விதவையான பாட்டி தெரியாமல் எழுதிவிட்டார், அதிகாரி கோடு போட்டு அடித்துவிட்டார். ஆனால் அடித்ததற்குள்ளே எண்கள் தெளிவாகத் தெரிகின்றன! அடித்த இடத்தைத்தான் முதலில் பெரிதாக்கிப் பாருங்கள்.

நம்மவர்கள் இப்படித் தாளையே பார்ப்பதை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். நம் நாட்டில் தனி நபர் கணக்குத் தாள்களை 1948 சட்டப்படி யாருக்கும் காட்டமாட்டார்கள். நீலகிரியில் தேடுகிறவர்களுக்குத் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுதான் கதி. ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல் லண்டனுக்குப் போனது. பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஆன்ட்டிக்கு மீதி அங்கேதான் கிடைத்தது.