அமெரிக்க மயக்கவியல் செவிலியர் பயிற்சி குறித்து ஒரு திருத்தம்

"அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுக்கும் செவிலியர்கள் ஆறு மாதப் படிப்பு முடித்தவர்கள், மருத்துவர்கள் அவர்களுக்குக் கற்பிப்பதே இல்லை" என்று சிலர் சொல்வது முழுவதும் தவறு. அப்படிப்பில் சேரவே செவிலியர் உரிமமும், இளநிலைப் பட்டமும், தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு முழுநேரப் பணி அனுபவமும் வேண்டும்; 2022 முதல் சேருவோர் அனைவருக்கும் அது முனைவர் நிலைப் படிப்பு, அதாவது ஏறத்தாழ மூன்றாண்டு; அதற்குள் குறைந்தது 600 நோயாளிகளுக்கு மயக்கம் கொடுத்து, 2,000 மணி நேரம் நேரடிப் பயிற்சி பெற்ற பிறகே சான்றிதழ்த் தேர்வு எழுத முடியும்.

மருத்துவர்களும் செவிலியர்களும் கூட்டாகக் கற்பிப்பதோ இத்துறையின் தொடக்கத்திலிருந்தே உள்ளது. கிளீவ்லாந்தின் லேக்சைடு மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல், செவிலியர் அகதா ஹாட்ஜின்ஸை நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவால் மயக்கம் கொடுக்கும் முறையில் பழக்கினார். 1915இல் அங்கு தொடங்கிய பள்ளியில் ஹாட்ஜின்ஸிடம் செவிலியர்களோடு மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் பயின்றார்கள். ஒரு செவிலியரிடம் மருத்துவர்கள் பாடம் கேட்ட அந்த வரலாற்றை மறைப்பது நியாயமல்ல. இன்றும் பல போதனா மருத்துவமனைகளில், மாணவர் மூச்சுக்குழாயில் குழாய் செருகும்போது அருகில் நின்று வழிகாட்டுபவர் மயக்கவியல் மருத்துவராகவோ அனுபவமுள்ள மயக்கவியல் செவிலியராகவோ இருக்கிறார்.

பணியில் மருத்துவரின் மேற்பார்வை எந்த அளவு தேவை என்பது மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் தனிக் கேள்வி. அதைப் பற்றித் தாராளமாக விவாதிக்கலாம், ஆனால் பயிற்சியே இல்லை என்று சொல்லி அல்ல.