ஏஆர்டி கூட்டத்தில் உங்களுக்கும் சம இடம் உண்டு

டெக்சாஸில் பிள்ளைகளைப் பப்ளிக் ஸ்கூலுக்கு அனுப்பும் நம் தமிழ்ப் பெற்றோருக்காக எழுதுகிறேன். சிறப்புக் கல்வி உதவி தேவைப்படும் பிள்ளைக்கு என்ன செய்வது என்று முடிவு செய்யும் பள்ளிக் கூட்டம்தான் ஏஆர்டி. நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"வீட்டில் ரெண்டு மொழி பேசுறீங்க, அதான் பேச்சு லேட். இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்." என் மகனுக்கு நாலு வயதிருக்கும்போது பள்ளியில் சொன்ன பதில் இது. இதே பதிலோடு எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். சிலர் அன்றைக்கே பிள்ளையிடம் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஊரில் இருக்கும் ஆச்சியோடு வீடியோ காலில் பேசக்கூட அந்தப் பிள்ளைக்கு வழியில்லாமல் போய்விட்டது. இதை நினைத்தாலே எனக்கு ஆறவில்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வராது. குறைபாடு உண்மையிலேயே இருந்தால் தமிழிலும் தெரியும். அதனால்தான் இயன்றவரை குழந்தை பேசும் மொழியிலேயே மதிப்பீடு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

"பொறுங்கள்" என்ற பேச்சுக்கு இந்த மாநிலத்தில் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 2004-ல் மாநிலக் கல்வித் துறை, சிறப்புக் கல்வி பெறும் மாணவர்கள் 8.5 சதவீதத்தைத் தாண்டினால் பள்ளி மாவட்டத்தின் மதிப்பெண் குறையும்படி ஓர் அளவுகோல் வைத்தது. நாடு முழுக்கச் சராசரி 13 சதவீதத்தை ஒட்டி இருந்த காலம் அது. ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் 2016-ல் தோண்டி எடுக்கும்வரை பெரும்பாலான பெற்றோருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 2017-ல் சட்டமன்றம் அதைத் தடை செய்தது. 2018 ஜனவரியில் மத்திய கல்வித் துறை, டெக்சாஸ் சட்டத்தை மீறியது என்று அறிவித்தது. அதற்குள் எத்தனை பிள்ளைகள் உதவி கிடைக்காமலே பள்ளிப் படிப்பை முடித்திருப்பார்கள்!

1975-ல் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட, குறைபாடு உள்ள பிள்ளைகளின் கல்விக்கான மத்தியச் சட்டம்தான் இன்று ஐடியா என்ற பெயரில் இருக்கிறது. பிள்ளையின் கல்வித் திட்டமான ஐஇபியை முடிவு செய்யும் குழுவில் பெற்றோரையும் உறுப்பினராக வைத்தது அந்தச் சட்டம். டெக்சாஸில் அந்தக் குழுவுக்குப் பெயர் ஏஆர்டி. ஆனால் நம்மவர்கள் அங்கே எப்படி உட்காருகிறோம்? மேசையைச் சுற்றி டீச்சர், ஸ்பீச் தெரபிஸ்ட், பரிசோதனை செய்தவர், துணை முதல்வர். திரையில் பக்கம் பக்கமாக ஓடும் ஆவணம். கடைசியில் "எனி கொஸ்டீன்ஸ்?" என்று கேட்பார்கள். நாம் சிரித்து, தேங்க்யூ சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வளர்ந்தவர்கள் நாம். டீச்சர்கள்மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. கேள்வி கேட்பதால் அந்த மரியாதை குறையாது.

இலக்குகளை வரி வரியாகப் பாருங்கள். "வாசிப்பில் முன்னேறுவான்" என்று எழுதியிருந்தால் விடாதீர்கள். எந்த வகுப்புப் பாடத்தை, நிமிடத்துக்கு எத்தனை சொல், எந்த மாதத்துக்குள், யார் அளப்பார்கள்? ஸ்பீச் தெரபி வாரத்துக்கு எத்தனை நிமிடம், தனியாகவா குழுவாகவா? கொலராடோவைச் சேர்ந்த ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம், பேருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் காட்டினால் போதாது, அந்தக் குழந்தையின் நிலைக்கேற்ற முன்னேற்றத்துக்கான திட்டம் வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. திருப்தி இல்லையென்றால் 'உடன்படவில்லை' என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். பத்து பள்ளி நாட்களுக்குள் மறுபடி கூடும் வாய்ப்பை அவர்கள் தர வேண்டும்.

எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். பிள்ளையை மதிப்பீடு செய்யச் சொல்லி பிக்அப் லைனில் டீச்சரிடம் வாய்மொழியாகக் கேட்டால், பள்ளி பதில் தர வேண்டிய கெடு தொடங்காது. மாவட்டச் சிறப்புக் கல்வி இயக்குநருக்கு, முதல்வருக்கும் நகல் வைத்து, மெயில் போடுங்கள். 15 பள்ளி நாட்களுக்குள் பதில் வர வேண்டும். மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் மறுக்க வேண்டும். நீங்கள் ஒப்புதல் கொடுத்த பிறகு, பொதுவாக 45 பள்ளி நாட்களில் மதிப்பீட்டு அறிக்கை முடிய வேண்டும். அவர்களுடைய மதிப்பீட்டை ஏற்கவில்லையா? பள்ளியின் செலவில் வெளியார் மதிப்பீடு கேட்கலாம். மறுக்க நினைத்தால், தங்கள் மதிப்பீடு சரியென்று நிரூபிக்கப் பள்ளிதான் விசாரணைக்குப் போக வேண்டும்.

விசா பயம் பற்றியும் சொல்லியாக வேண்டும். "ஹெச்1பியில் இருக்கோம், எதுக்கு வம்பு" என்று ஒதுங்குபவர்களைப் பார்க்கிறேன். ஐடியா குடியேற்ற நிலையைப் பார்ப்பதில்லை. குடியேற்ற ஆவணம் இல்லாத குழந்தைக்கும் பள்ளிக் கதவைச் சாத்தக் கூடாது என்று 1982-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதே டெக்சாஸ் வழக்கு ஒன்றில்தான்.

2025 மார்ச்சில் மத்திய கல்வித் துறையில் பாதி ஊழியர்களைக் குறைப்பதாக அறிவித்தார்கள். பள்ளிகளில் பாகுபாடு பற்றிய புகார்களை விசாரிக்கும் குடிமை உரிமைகள் பிரிவுக்கு டல்லாஸில் இருந்த அலுவலகத்தையும் மூடினார்கள். எனக்குக் கவலைதான். ஆனால் சட்டம் அப்படியே இருக்கிறது. அதை மாற்ற அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸால்தான் முடியும். மாநிலக் கல்வித் துறைக்குப் புகார் அனுப்பினால் 60 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

ஆங்கிலம் தடையென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஏற்பாடு செய்வது பள்ளியின் பொறுப்பு, செலவும் அவர்களுடையது. பிள்ளையை நன்றாகத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகவும் உரிமை உண்டு. முதல் மெயிலை எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் இன்பாக்ஸில் வாங்க, சேர்ந்து எழுதுவோம்.