மூணு பிள்ளைக்கு ஒரு ஆளு

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாஸ்கா, அதாவது குழந்தைக் காப்பகம். காலை 7 மணி. இடுப்பில் ஐந்து மாதப் பேரன், தோளில் மூன்று பைகளோடு பாட்டி. வாசலில் டீச்சர்.)

டீச்சர்: காலுறையைக் கழட்டுங்க பாட்டி. கை, உள்ளங்கால், வாய் மூணும் பார்த்துட்டுத்தான் உள்ள தூக்குவோம். கை-கால்-வாய் நோய்க் கொப்புளம் அங்கதான் வரும். வந்துட்டா 10 நாள் வீட்டுலதான்.

பாட்டி: நல்லாப் பாரு.

டீச்சர்: உள்ளங்கால்ல என்ன கறுப்பா?

பாட்டி: திருஷ்டிப் பொட்டு. கன்னத்துல வெச்சா நீங்க துடைச்சிடுவீங்களாம். அதான் ஒளிச்சு வெச்சேன்.

டீச்சர்: அஞ்சு மாசத்துப் பிள்ளை காலைத் தூக்கி வாயிலதானே வெப்பான்? கடை மையில சிலதுல ஈயம் இருக்கும். முதுகுல வைங்க, வாய் எட்டாது.

பாட்டி: முதுகுல இருந்தா கண்ணு போடுறவனுக்கு எப்படித் தெரியும்?

டீச்சர்: பையைத் திறங்க பாட்டி.

பாட்டி: இது ஓமத்தண்ணி. இது தேன், உரைமருந்து குழைக்க. இது கடுகுத் தலையணை. இது அவன் அம்மா சேலை, தொட்டில் கட்டணும். உத்தரம் எங்க?

டீச்சர்: உத்தரம் ஏது? சீலிங்தான். கட்டினா சீலிங்கும் சேர்ந்து ஆடும். தேன் ஒரு வயசு வரைக்கும் நாக்குல தடவக்கூட வேணாம். அதுல இருக்கிற கிருமி பச்சைக் குடல்ல வளர்ந்து விஷம் கக்குச்சுன்னா தசையெல்லாம் தளர்ந்து, பால் உறிஞ்சக்கூடத் தெம்பு இருக்காது. ஓமத்தண்ணி 6 மாசத்துக்கு முன்னாடி வேணாம், வயிறு தண்ணியில நிறைஞ்சா பால் இறங்காது.

பாட்டி: தொட்டிலுமா வேணாம்? எஸ்டேட் ஆயாக்கொட்டகையில வரிசையா சேலைத் தொட்டில். ஒரே ஆயா அத்தனையும் ஆட்டுவா.

டீச்சர்: இங்க 1984 தாஸ்கா சட்டம். ஒரு வயசுக்குள்ள 3 பிள்ளைக்கு ஒரு ஆளு. அதுக்கு மேல, மூணு வயசு வரைக்கும், 5 பிள்ளைக்கு ஒரு ஆளு. சேலைப் பள்ளத்துல தாடை நெஞ்சுல முட்டினா மூச்சு அடைக்கும். மல்லாக்கப் போடுவோம், கெட்டி மெத்தை, தலையணை கிடையாது.

பாட்டி: மண்டை சப்பையாயிடும்லா!

டீச்சர்: முழிச்சிருக்கும்போது குப்புறப் போட்டுப் பக்கத்துலயே இருப்போம். நீங்க இன்னைக்கு ராத்திரியிலிருந்து முழுசாத் தூங்குற வரைக்கும் ஆட்டாதீங்க. கண்ணு சொருகும்போதே கீழ போடுங்க. இல்லாட்டி இங்க வந்து முதல் வாரம் அழுதே தீர்ப்பான். சேலையை மட்டும் குடுங்க. என் மடியில விரிச்சுப் பால் குடுத்தா அந்த வாசனைக்கு அடங்குவான், தூங்கப் போடுறப்போ எடுத்துடுவேன்.

பாட்டி: அது புத்தி. அவன் அம்மா கறந்து வெச்ச பால் இந்தா, ஒரே பாட்டில், 8 அவுன்ஸ்.

டீச்சர்: ஐயோ, ஒரே பாட்டில்லயா? வாய் வெச்ச மிச்சத்தை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெக்க முடியாது, கொட்டணும். மணிக்கு ஒரு அவுன்ஸ்னு கணக்கு வைங்க. அஞ்சு மணி வரைக்கும் 10, கூட ரெண்டு. 3 அவுன்ஸா நாலு பாட்டில், ஐஸ் பையில. மைக்ரோவேவ்ல சுட வெக்க மாட்டோம், ஒரு பக்கம் கொதிச்சு நாக்கு வெந்திடும். வெந்நீர்க் கிண்ணத்துல வெப்போம். ஒவ்வொண்ணுலயும் பேரு, தேதி, கறந்த நேரம் எழுதணும்.

பாட்டி: பால்ல என்னடி பேரு? எல்லாம் வெள்ளைதானே?

டீச்சர்: பக்கத்துத் தட்டுல ஆய்ஷா பாப்பாவுக்கு அவ அம்மா கறந்த பால் இருக்கு. மாறி அஞ்சு தடவை வயிறாரக் குடிச்சா, அவங்க மார்க்கத்துல அண்ணன் தங்கச்சி. அப்புறம் கட்டிக்க முடியாது.

பாட்டி: அஞ்சு மாசத்துலயே என் பேரனுக்குப் பொண்ணு பார்த்தாச்சா?

டீச்சர்: வேணாம்னுதானே பேரு எழுதச் சொல்றேன்!

பாட்டி: சரி சரி. உள்ள எத்தனை கைப்பிள்ளை?

டீச்சர்: நாலு. உங்க பேரனோட அஞ்சு.

பாட்டி: உள்ள எத்தனை டீச்சர்?

டீச்சர்: அதான் ரெண்டு பேர் இருக்கோமே.

பாட்டி: ஒருத்தி வாசல்ல நின்னு என்கிட்ட வாயடிச்சிக்கிட்டு இருக்கா. மூணு பிள்ளைக்கு ஒரு ஆளுன்னு சட்டம் பேசினியே? போடி உள்ள!