லிஸ்ட் போட்டு ஆளைக் குறுக வைக்காதீர்கள்

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு நம் கல்லூரி ஸ்டாஃப் குரூப்பில் வந்த லிஸ்டைப் பார்த்திருப்பீர்கள். மாணவர் விவரங்களை ஏற்றும் அரசுத் தளமான யூமிஸில் பதிவை முடிக்காத துறைகள், பக்கத்திலேயே பொறுப்பாசிரியர் பெயர், சிவப்பில். முதல் பெயர் எங்கள் துறையில் நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிற ஆசிரியருடையது. என்ன சிக்கல் என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஒரு பிள்ளைக்கு ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, மார்க் ஷீட்டில் வெறும் இனிஷியல். இன்னொரு பிள்ளைக்கு ஓடிபி அப்பா போனுக்குப் போகிறது. அவர் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்டில் நிற்கிறார். இதில் அக்காவின் அலட்சியம் எங்கே இருக்கிறது?

எனக்கு யூமிஸ் மேல் கோபமில்லை. 2022-ல் புதுமைப் பெண், 2024-ல் தமிழ்ப் புதல்வன் என்று வந்த திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பிள்ளைகள் கணக்கில் நேராக விழுகிறது. அதற்கு இந்தப் பதிவு வேண்டும். அதனால்தான் அக்கா லீவு நாளிலும் உட்கார்ந்து ஏற்றினார். அவரைப் பொதுவில் குறுக வைத்ததுதான் தப்பு.

நான் சேர்ந்த புதிதில் ஸ்காலர்ஷிப் பார்த்த கிளார்க் அண்ணன் ஃபைலோடு துறைக்கே வருவார். "இந்தப் பொண்ணு வருமானச் சான்றிதழ் இன்னும் தரல, வீட்ல என்னன்னு கேளுங்க மேடம்" என்பார். கேட்டால், அப்பா தவறிப்போயிருப்பார், தாலுகா ஆபீசுக்கு அலைய ஆள் இருக்காது. அந்தப் பேச்சு இப்போது இல்லை. ஒரே வளாகத்தில் இருந்துகொண்டு சதவீதம் மட்டும் பேசுகிறோம்.

"பழைய பேரேட்டுக்கே போகலாமா?" என்பீர்கள். வேண்டாம். கல்லூரி முதல்வருக்கும் மேலிருந்து நெருக்கடி வருகிறது, சரி. ஆனால் "உங்களுக்குக் கம்ப்யூட்டர் வராது, அதான் புலம்பல்" என்று மட்டும் சொல்லாதீர்கள், வலிக்கிறது. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டு முறை 2017-ல் மாறிய பிறகு கட்டுக்கட்டாக ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்றியது யார்? நாங்கள்தானே? கருத்தரங்குக்கு வந்தவர் பேச ஆரம்பிக்கும் முன்பே, இடமும் தேதியும் விழுகிற மாதிரி ஜியோடேக் போட்டோவுக்குப் பிள்ளைகளை நிறுத்துகிறோமே, அதையும் நாங்கள்தான் செய்கிறோம். பாடம் எப்படிப் போகிறது என்று கேட்க மட்டும் யாரும் வருவதில்லை.

அப்புறம், கௌரவ விரிவுரையாளர்கள். எங்கள் துறையில் பாதிப் பதிவை ஏற்றுவது அவர்கள்தான், எங்கள் லாகினில். வேலை முடிந்தால் அவர்கள் பெயர் எங்கும் வராது. நாளைக்கு அவர்களில் ஒருவர் பெயர் சிவப்பில் வந்தால் வாய் திறக்க முடியுமா? அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்ற பயத்தில் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்வார்கள். நிரந்தர வேலையில் இருக்கும் நாமாவது பேச வேண்டாமா?

அந்த லிஸ்டை இன்றைக்கே குரூப்பிலிருந்து எடுங்கள். நிலுவை இருந்தால் துறைக்கு வந்து கேளுங்கள். அக்காவிடம் மன்னிப்பும் கேளுங்கள், அதையும் குரூப்பிலேயே கேளுங்கள்.