"பசிச்சா தானா தின்னும்" என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

விதைக் கிண்ணத்தை எடுத்து அலமாரி உச்சியில் வைத்திருக்கிறார் மாமா. நேற்று நான் வீட்டுக்கு வரும்போது மாலை ஆறரை. காலையில் கூண்டுக் கம்பியில் செருகிவிட்டுப் போன கீரையில் மிச்சம் இருந்தது வாடிச் சுருண்டு அப்படியே தொங்குகிறது. என் லவ் பேர்ட் மின்னி இறகை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். பத்து மணி நேரமாக அவள் வயிற்றுக்குள் ஒரு விதைகூடப் போகவில்லை. கேட்டால், "நீதானேம்மா அது கீரையே தொட மாட்டேங்குதுன்னு புலம்பின? அதான் விதையை எடுத்துட்டேன். பசிச்சா தானா தின்னும்" என்கிறார்.

தின்னாது மாமா. தின்னவே தின்னாது.

இந்த வாக்கியத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. பறவை வளர்க்கும் உங்களுக்கும் இதே கதைதான் நடந்திருக்கும். நாய்க்குட்டி அடம்பிடித்தால் சொல்வதையும், சோறு வேண்டாம் என்று குழந்தை முகம் திருப்பினால் சொல்வதையும் அப்படியே தூக்கி 50 கிராம் பறவையின் தலையில் வைக்கிறார்கள். விதை தின்றே வளர்ந்த பறவைக்குக் கீரை ஒரு உணவு என்பதே தெரியாது. அதன் நாக்கில் சுவை மொட்டுகள் சில நூறுதான் இருக்கும், நமக்கோ ஆயிரக்கணக்கில். அது கண்ணால் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்கிறது. பழகாத நிறம், பழகாத வடிவம் என்றால் அது ஆபத்து, அவ்வளவுதான். கிண்ணம் நிறையக் கீரை இருக்க, அதன் பக்கத்திலேயே பட்டினி கிடந்து சாகும் பறவைகள் உண்டு. இத்தனை சின்ன உடம்பில் சேமிப்பு எங்கே இருக்கிறது? ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும்.

உடனே எடை போட்டேன். காலையில் 53 கிராம் இருந்தவள் இப்போது 49. வழக்கமாக மாலையில் இரை நிறைந்து ஒன்றிரண்டு கிராம் கூடத்தான் இருக்கும். 60 கிலோ ஆள் ஒரே பகலில் நாலரை கிலோ இழந்தால் வீட்டில் எல்லோரும் சும்மா இருப்பார்களா? "நாலு கிராம்தானே" என்கிறார்கள். நாலு கிராம்தானே!

அதுவும் எப்போது? அவளுக்கு ஹார்மோன் தலைக்கேறி நிற்கும் இந்த நேரத்தில்.

மின்னி பீச் முக ஆப்பிரிக்கன் லவ் பேர்ட், பெண். பலர் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் பட்ஜி வேறு, இது வேறு. இந்த இனப் பெண் பறவைக்குப் பருவம் வந்துவிட்டால் என்ன செய்யும் என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். வளர்க்காதவர்களுக்காக நேற்றுக் காலை நடந்ததைச் சொல்கிறேன்.

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பாலக் நாலு இலை, கொத்தமல்லி ஒரு கைப்பிடி, ஒரு ப்ரோக்கோலிப் பூ, பாதி கேரட், சிவப்புக் குடைமிளகாயில் ஒரு கீற்று. மூன்று தண்ணீரில் கழுவினேன். துணியில் ஒற்றி ஈரம் போக எடுத்தேன். கேரட்டைத் துருவினேன், ஏனென்றால் போன வாரம் துண்டாக வெட்டி வைத்தபோது அவள் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே வரவில்லை. ப்ரோக்கோலியின் நுனி மொக்குகளை மட்டும் கத்தியால் சுரண்டி எடுத்தேன். குடைமிளகாய்க் கீற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விதை அளவுக்குப் பொடியாக நறுக்கி, மேலே உண்மையான விதை கொஞ்சம் தூவி, கிண்ணத்தை அவளுடைய கம்புக்கு நேராக மாட்டினேன். பாலக் இலைகளில் ஒன்றை மட்டும் முழுசாகக் கம்பியில் செருகினேன். மணி ஆறரை.

முதலில் தூவிய விதைகளைப் பொறுக்கினாள். ஒட்டியிருந்த கேரட் துருவலை ஒவ்வொன்றாக எடுத்து, தலையை ஒரு சிலுப்பு சிலுப்பி, சுவரில் எறிந்தாள். ஒவ்வொன்றாக! குடைமிளகாய்க் கீற்றில் இருந்த நாலு விதையை மட்டும் தின்றுவிட்டுச் சதையைக் கீழே போட்டாள். ப்ரோக்கோலியை ஒரு கொத்து கொத்தி, அலகைக் கம்பில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று நாலு தடவை துடைத்தாள். அப்புறம் பாலக்குக்குப் போனாள். போய், இலை ஓரத்தில் அலகை வைத்து, தையல் மெஷின் ஓடுவதுபோல் கடித்துக்கொண்டே போனாள். என் மனசு எப்படிக் குளிர்ந்தது தெரியுமா? மூன்று மாதம்! மூன்று மாதமாக ஒவ்வொரு காலையும் இதைச் செய்கிறேன், கடைசியில் இன்றைக்குத் தின்கிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தின்னவில்லை. இலையை நீளநீளமான பட்டையாகக் கிழித்தாள். ஒரு பட்டையை எடுத்து, திரும்பி, தன் பின்பக்கத்து இறகுகளுக்குள் செருகினாள். அடுத்தது. அதையும் செருகினாள். மூன்றாவது விழுந்துவிட்டது, இறங்கிப் போய் எடுத்து வந்து மறுபடி செருகினாள். திறந்திருந்த கதவு வழியாகப் பறந்து புத்தக அலமாரிக்குப் பின்னால் போய்விட்டாள். கூடு கட்டுகிறாள். நான் கழுவி, துடைத்துக் கொடுத்த கீரையில்! நான் கைவிட்டு அந்தப் பட்டைகளை வெளியே எடுத்தபோது ஆள்காட்டி விரலில் கடித்தாள். ரத்தம் நிற்கப் பத்து நிமிடம் ஆனது. அவள் இறகிலிருந்து ஒரு பட்டை அப்போதும் வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு மாமா சொல்லும் விளக்கம், நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன். இல்லவே இல்லை. வில்லியம் டில்கர் என்ற ஆய்வாளர் 1962-ல் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார். பீச் முகப் பறவை பட்டையை இறகில் செருகும். அதன் உறவான ஃபிஷர் லவ் பேர்ட் அலகில் கவ்விக்கொண்டு போகும். இரண்டையும் கலந்து பிறந்த குஞ்சுகள் வளர்ந்ததும் இறகில் செருகவும் பார்த்தன, கவ்வவும் பார்த்தன, இரண்டுக்கும் நடுவில் தடுமாறின. அதாவது இது பிறக்கும்போதே ரத்தத்தில் வருவது. பட்டினி போட்டால் போகிற திமிர் இல்லை. பசியில் இருக்கும் ஹார்மோன் பறவை கீரையைத் தின்னக் கற்றுக்கொள்ளாது, பசியோடு கூடு கட்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

"அப்படின்னா கீரையே குடுக்காதே, அதுதான் சூட்டைக் கிளப்புது" என்று இன்னொரு கூட்டம். இதிலும் பாதிதான் உண்மை. வறண்ட நிலத்துப் பறவை இது. மழை பெய்து, பசுமை வந்து, இரை மலிந்தால் குஞ்சு பொரிக்கலாம் என்று அதன் உடம்பு எடுத்துக்கொள்ளும். அதனால் நாள் முழுக்கக் கிண்ணம் நிறைந்து கிடப்பதும், வேகவைத்த கிழங்கைக் குழைத்து வெதுவெதுப்பாகக் கொடுப்பதும் தவறு. ஜோடிப் பறவை கக்கி ஊட்டுவது அப்படித்தான் இருக்கும், சூடாக, குழைவாக. சரி, அதை நிறுத்தியாயிற்று. ஆனால் குளிர்ச்சியாக, ஈரமில்லாமல், அளவாகக் காலையில் வைத்து, இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடும் கீரை ஒன்றும் குற்றவாளி இல்லை. நேற்று அதைக்கூட எடுக்கவில்லை! விதையை எடுக்கத் தெரிந்த கைக்கு, நாள் முழுக்கக் கெட்டுக்கொண்டிருந்த கீரையை எடுக்கத் தெரியவில்லை.

கீரை ஏன் வேண்டும் என்று நான் உயிரை விடுகிறேன்? முட்டை. போன தடவை ஆறு முட்டை இட்டாள். "ஆண் இல்லாம எப்படி முட்டை?" என்று கேட்காதீர்கள், கோழிக்கு இருக்கும் அதே வழிதான். ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் வேண்டிய கால்சியத்தில் ஒரு பங்கு அவள் எலும்பிலிருந்து போகிறது. சூரியகாந்தி விதையில் கொழுப்பு இருக்கிறது, கால்சியம் சொற்பம், வைட்டமின் ஏ இல்லையென்றே சொல்லலாம். கால்சியம் இறங்கிவிட்டால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். தரையில் உட்கார்ந்து, வால் மேலும் கீழும் ஆட, முக்கிக்கொண்டே இருக்கும். அது சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும் விஷயம். அதனால்தான் ப்ரோக்கோலி, அதனால்தான் கேரட், அதனால்தான் கூண்டில் கணவாய் ஓடு. பாலக்கை நம்பி இருக்கக் கூடாது, அதில் இருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதை நான் வைப்பது ஒன்றுக்காகத்தான்: அவள் அலகு வைக்கும் ஒரே இலை அது. இப்போது அதையும் கூட்டுக்குச் சுமக்கிறாள்.

இதில் கூண்டுக்குள் தொங்கவிட ஒரு பஞ்சுக் கூடாரம் வேறு பரிசாக வந்தது. "குளிருக்கு இதமா இருக்கும்." இருட்டான பொந்து! பொந்தில் முட்டையிடும் பறவைக்குப் பொந்தையே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கூடவே ஒரு கண்ணாடி, அதில் தெரியும் பறவையை ஜோடி என்று அவள் நினைத்துக்கொள்ள. முதுகில் தடவாதீர்கள், தலையில் மட்டும் தொடுங்கள் என்று நூறு முறை சொல்லியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் கழுத்திலிருந்து வால் வரை தடவுகிறார்கள். ராத்திரி 12 மணி நேரம் இருட்டு வேண்டும் என்று ஏழு மணிக்குத் துணி போர்த்தினால், பத்து மணிக்குத் தூக்கிப் பார்த்து, "தூங்கிட்டியா கண்ணு?" என்று விளக்கைப் போடுகிறார்கள். இவ்வளவையும் செய்துவிட்டு, பறவை கடிக்கிறது என்று என்னிடம் வந்து குறை.

விதையைக் குறைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குறைக்கலாம், வாரக் கணக்கில், சிலதுக்கு மாதக் கணக்கில், துளித் துளியாக. தினமும் காலையில் அதே நேரத்தில் எடை பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் மருத்துவரிடம் ஓட வேண்டும். பொடியாக நறுக்கி, விதையோடு கலந்து, அவள் பார்க்க நாமும் ஒரு கேரட்டைக் கடித்துக் காட்டி, ஐம்பது தடவை எறிந்தாலும் ஐம்பத்தோராவது தடவையும் வைக்க வேண்டும். இதுதான் வழி. குறுக்கு வழி இருந்திருந்தால் மூன்று மாதமாக நான் ஐந்தே முக்காலுக்கு எழுந்திருக்க மாட்டேன்.

நேற்று ராத்திரி விதைக் கிண்ணத்தை உள்ளே வைத்த நொடியில் அவள் பாய்ந்து வந்தாள். நின்று மூச்சுகூட விடாமல் தின்றாள். பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. "பாத்தியா, ஒண்ணும் ஆகலையே" என்றார் மாமா, சோபாவில் இருந்தபடி. நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த வீட்டில் இரண்டு உறவு முறிந்திருக்கும்.

இன்று காலை முதல் வேலையாக எடை பார்க்கலாம் என்று தராசை எடுத்தேன். பட்டனை அழுத்துகிறேன், அழுத்துகிறேன், திரை வெறுமையாக இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் பேட்டரி இல்லை. ராத்திரி டிவி ரிமோட் வேலை செய்யவில்லையாம், இதில் இருந்ததைக் கழற்றிப் போட்டுக்கொண்டார்களாம். வீட்டில் வேறு பேட்டரியே இல்லையா? சுவர்க் கடிகாரத்தில் இல்லையா? மேசை மேல் இருக்கும் டார்ச்சில் இல்லையா? மின்னி கம்பில் உட்கார்ந்து இன்றைய கேரட் துருவலைச் சுவரில் எறிந்துகொண்டிருக்கிறாள். அவள் இப்போது 49-ஆ, 52-ஆ என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ரிமோட்டை யார் கையில் வைத்திருந்தாலும் சரி, அந்த இரண்டு பேட்டரியும் இந்த நிமிடம் எனக்கு வேண்டும்.