"அப்படியே ஒரிஜினல் மாதிரி இருக்கு"

நான்கு வருஷமாகப் புல்லாங்குழல் வாசித்துத்தான் வீட்டு வாடகை கட்டுகிறேன். கல்யாண வரவேற்பு, மெல்லிசைக் குழு, எப்போதாவது ஒரு ரெக்கார்டிங். மாதச் சம்பளம் கிடையாது, ஏன் வாசிக்கவில்லை என்று கேட்க ஆளும் கிடையாது. இந்த வழிக்கு இப்போது நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். இன்பாக்ஸில் பெரும்பாலும் ஒரே கேள்வி: "அண்ணா, எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்படி உருவாக்கறது?" தனித்தனியாக எழுதி மாளவில்லை, அதனால் இங்கே.

இரண்டு வருஷம் முன்புவரை நான் சினிமாப் பாடல்களை வாசித்துப் பதிவு போட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகவே ஓடியது. "அப்படியே ஒரிஜினல் மாதிரி இருக்கு" என்று யாராவது கமெண்ட் போட்டால் அன்றைக்கெல்லாம் மனசு நிறைந்திருக்கும். ஒருநாள் வரவேற்பு முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, குழுவில் தபலா வாசிக்கும் அண்ணன் கேட்டார்: "தம்பி, பாட்டு இல்லாம அஞ்சு நிமிஷம் உன்னால வாசிக்க முடியுமா?" முடியும் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் தம்புரா செயலியை ஓடவிட்டு, மோகன ராகத்தில் ஐந்து நிமிஷம் வாசித்து, இன்னொரு போனில் பதிவு செய்து கேட்டேன். அன்றைக்குத் தூக்கம் போய்விட்டது.

வந்த சங்கதி (ஒரு வரியை மெருகேற்றி மாற்றி வாசிக்கும் விதம்) எல்லாம் ஏற்கெனவே கேட்ட சங்கதி. ஏதோ ஒரு ஸ்டுடியோவில் பெரிய கலைஞர்கள் எப்போதோ வாசித்துவிட்டுப் போனவை. அதைவிட வலித்தது கார்வை, அதாவது ஒரே ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவது. எந்த ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தாலும் கடைசியில் சுருதி இறங்குகிறது. மூச்சு குறையும்போது காற்றின் வேகம் குறையும், குழலில் சுருதி தொங்கும். உதட்டையும் குழலின் சாய்வையும் வைத்து அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆரம்பப் பாடம் இது. கீபோர்டும் எதிரொலியும் சேர்ந்து மூடிவிட்டதால் இத்தனை நாள் என் காதிலேயே விழவில்லை.

அன்றிலிருந்து ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்கிறேன். தெரிந்த பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வாசித்துவிட்டு "சாதகம் பண்ணிட்டேன்" என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. வராத இடம் எதுவோ அங்கே போய் நின்று, அது வரும்வரை நகராமல் இருக்க வேண்டும். குருவின் வீட்டில் இருந்து கற்றவர்களுக்கு அதட்டி நிறுத்த ஆள் இருந்தார். நமக்குப் போன் ரெக்கார்டர்தான் இருக்கிறது. அது பொய் சொல்லாது.

காலை ஐந்தரைக்கு உட்காருவேன். முதல் இருபது நிமிஷம் ஒற்றை ஸ்வரம்தான், ஒரு மூச்சுக்கு ஒரு கார்வை. முதல் வாரம் ஒன்பது விநாடிக்கு மேல் சுருதி நிற்கவில்லை. அப்புறம் அலங்காரம், அதாவது தாளத்தில் அமைந்த ஸ்வரப் பயிற்சி. துருவம், மட்யம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்று வாரத்துக்கு ஏழு நாள், ஏழு தாளம். ஒவ்வொன்றும் மூன்று காலம், அதாவது மூன்று வேகம். ராகம் மாதத்துக்கு ஒன்று. ஆரம்பப் பாட ராகமான மாயாமாளவகௌளையில் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும் ஜம்பை அலங்காரத்தைச் சண்முகப்ரியா ராகத்தில் வாசித்துப் பாருங்கள், விரல் எங்கே பொய்யாக ஓடுகிறது என்று தெரிந்துவிடும். முடித்ததும் நாற்பது பக்க நோட்டில் ஒரே ஒரு வரி: இன்று எது வரவில்லை. நாளை அங்கிருந்து ஆரம்பம். ராத்திரி கச்சேரி முடிந்து ஒரு மணிக்கு வந்து படுத்தால் மறுநாள் பதினைந்து நிமிஷம்தான், ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷம் உண்டு. ஒருநாள் நாலு மணி நேரம் ஊதிவிட்டு நாலு நாள் குழலைத் தொடாமல் இருந்ததில் எனக்கு உதட்டுப் புண்தான் மிஞ்சியது.

சரி, ஸ்டைலுக்கு வருவோம்.

புல்லாங்குழல் மாலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1926இல் திருவிடைமருதூரில் பிறந்த டி.ஆர். மகாலிங்கம். குரலில் வரும் கமகம் (ஸ்வரத்தை அசைத்து நெளிக்கும் விதம்) குழலிலும் வந்தாக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அதற்காகக் குழலைப் பிடிக்கும் விதத்தையும் ஊதும் விதத்தையுமே மாற்றினார். ஸ்டைல் வேண்டும் என்று அவர் உட்கார்ந்து யோசித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு ஒரு சத்தம் தேவைப்பட்டது, அதைத் தேடிப் போனார். அவருடைய சீடர் என். ரமணி அந்தப் பாணியிலேயே வளர்ந்து, பிறகு கீழ்ஸ்தாயியின் தாழ்ந்த ஸ்வரங்களுக்காக நீளமான குழலைக் கர்நாடகக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார்.

கர்நாடகப் பாடகர் எம்.டி. ராமநாதனின் கனத்த குரலையும் நிதானமான விளம்ப காலத்தையும் பத்து விநாடி கேட்டால் போதும், அவர்தான் என்று தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்டவர் தன் கீர்த்தனைகளில் கையெழுத்து மாதிரி வைத்த முத்திரை 'வரததாஸ'. குரு டைகர் வரதாச்சாரியாரின் தாசன் என்று அர்த்தம். யாருடைய சாயலும் படக்கூடாது என்று எதையும் கேட்காமல் இருக்கும் தம்பிகளுக்காக இதைச் சொல்கிறேன். கேளுங்கள், நகல் எடுங்கள். குழல் வாசிப்பவரிடமிருந்து மட்டும் எடுக்காதீர்கள், அவ்வளவுதான். ஒரு பாடகரிடமிருந்து, ஒரு நாகஸ்வரக்காரரிடமிருந்து ஒரே ஒரு பிடியை, ஒரு சின்ன ஸ்வரத் தொடரை, எடுத்துக் குழலில் வைத்துப் பாருங்கள். அப்படியே வராது. வராத இடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்களோ அது உங்களுடையது.

நான் எங்கள் ஆச்சியின் தாலாட்டை எடுத்தேன். "ஆராரோ"வில் கடைசி 'ரோ'வை ஆச்சி நேராக முடிக்க மாட்டார், மெதுவாக வழியவிடுவார். குழலில் துளையை முழுசாகத் திறந்தால் அந்த வழிதல் செத்துப்போகிறது. விரலைத் தூக்காமல், துளைமேல் உருட்டிக்கொண்டே பாதி திறக்க வேண்டும், அதே நேரத்தில் மூச்சையும் குறைக்க வேண்டும். அந்த ஒரு எழுத்துக்கு மூன்று வாரம் ஆனது. காலையில் பிடித்த கார்வை இல்லாவிட்டால் மூன்று வருஷம் ஆனாலும் வந்திருக்காது.

பதிவு போட்டேன். சினிமாப் பாட்டுக்கு வருவதில் பத்தில் ஒரு பங்கு பேர்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள் முழுக்க வருத்தமாக இருந்தது, மறைக்கவில்லை. தபலா அண்ணனிடம் போட்டுக் காட்டினேன். அவர் எதுவும் சொல்லாமல், "இன்னொரு தடவை போடு" என்றார்.

சினிமாப் பாட்டு வாசிப்பதை நான் விடவில்லை, விடவும் சொல்ல மாட்டேன். வரவேற்புக்கு வந்தவர்கள் ஆசையாகக் கேட்பதை வாசிப்பதில் ஒரு குறையும் இல்லை. வாடகையும் அதில்தான் வருகிறது. காலைச் சாதகத்துக்குள் மட்டும் அதை விடுவதில்லை.

ஸ்டைல் பற்றிக் கேட்கும் தம்பி தங்கைகளே, அடுத்த முறை எழுதும்போது ஒரே ஒரு பஞ்சமத்தை ('ப' ஸ்வரத்தை) நீட்டிப் பிடித்துப் பதிவு செய்து கூடவே அனுப்புங்கள். தம்புரா மட்டும் இருக்கட்டும், எதிரொலி வேண்டாம். கேட்டுவிட்டுப் பேசலாம்.