போன் பழசு இல்லை, பக்கம்தான் பிழை

எந்த இணைய விண்ணப்பப் பக்கம் என்று அதை நடத்துகிற உங்களுக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை. "பட்டனைக் காணேல்லை" என்று கோல் எடுத்த பிள்ளைகளுக்குக் கிடைத்த பதிலும் தெரியும். "உங்கட போன் பழசு, லாப்டொப்பில திறந்து பாருங்கோ."

பிழை போனில் இல்லை. பக்கத்தில்தான்.

இரவிரவாக அதைக் கிண்டிப் பார்த்தேன். படிவத்தின் அகலம் 1200 பிக்சல் என்று அடித்து வைத்திருக்கிறார்கள். இங்கே பிள்ளைகளின் கையில் இருக்கிற சாதாரண ஆண்ட்ரொயிட் போனுக்கு 360 பிக்சல் அளவில்தான் அகலம். 'சமர்ப்பி' பட்டன் வலது கரையில், திரைக்கு வெளியே. சரி, விரலால் தள்ளிப் போகலாம் என்றால், பக்கவாட்டு ஸ்குரோல் வடிவில்லை என்று யாரோ ஓவர்ஃப்ளோவை ஹிடன் ஆக்கிவிட்டார், அதாவது திரைக்கு வெளியே போவதை ஒளித்துவிட்டார். வெளிறின சாம்பல் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கலாம் என்றால் சூமையும் பூட்டியாச்சு. செய்தவர் ஐபோன்காரராக இருக்கவேணும், ஐபோனின் பிரவுசர் சஃபாரி அந்தப் பூட்டைக் கணக்கெடுக்காது.

திருத்த என்ன வேணும்? அகலம் திரையின் 100 வீதம், உச்ச அகலம் 1200 பிக்சல். இரண்டு வரி. அந்த ஹிடனையும் சூம் பூட்டையும் அழித்துவிட்டால் முடிஞ்சுது. இதற்கு ஒரு பிள்ளை லாப்டொப் வாங்கவேணுமாம்!

"எல்லாப் பழைய பிரவுசருக்கும் செய்துகொண்டிருக்க ஏலுமோ" என்று கேட்பீர்கள். யார் கேட்டது? இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசொஃப்டே 2022 ஜூனில் கைவிட்டுவிட்டது. நான் கேட்பது இன்றைய குரோமில், சின்னத் திரையில் ஓடவேணும் என்பதைத்தான். 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் தள்ளாமல் வாசிக்க முடியவேணும் என்று இணையத்துக்கான தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டியில் 2018-இலேயே எழுதியாச்சு. என் சொந்த ஆசை இல்லை இது.

என் சின்னம்மாவின் மகனுக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற டோக்பாக்கைப் போட்டு போனை எங்களைவிட வேகமாகப் பாவிப்பான், எனக்கு வரும் வங்கி மெசேஜைக்கூட அவன்தான் விளங்கப்படுத்துவான். அவனிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்தேன். விரலை நகர்த்த நகர்த்த "எடிட் பொக்ஸ்", "எடிட் பொக்ஸ்", "எடிட் பொக்ஸ்". எது பெயர், எது அடையாள அட்டை இலக்கம்? பக்கத்தில் எழுதியிருக்கிறது, ஆனால் லேபிளைக் கட்டத்தோடு இணைக்கவில்லை. கடைசியில் அந்தப் பட்டன், அது பட்டனே இல்லை, ஒரு டிவ்வுக்கு, அதாவது வெறும் பெட்டிக்கு, பச்சை நிறம் பூசி வைத்திருக்கிறார்கள். அறிவுறுத்தல் முழுக்கப் படமாகப் போட்டிருக்கு, படத்துக்குப் பதிலாக வாசித்துக் காட்டுகிற ஆல்ட் எழுத்து ஒன்றும் இல்லை. "அண்ணை, இது எங்களுக்கு இல்லைப் போல" என்று போனைத் திருப்பித் தந்தான்.

இப்ப ஒருவர் வருவார், "கண் தெரியாதவை எத்தினை பேர் விண்ணப்பிக்கப் போகினம்" என்று. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, இந்த மண்ணில் நடந்ததெல்லாம் தெரிந்துகொண்டு, இந்தக் கேள்வியை எந்த வாயால் கேட்கிறீர்கள்? மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016-இல் ஏற்றுக்கொண்டது. அதில் இணையமும் இருக்கு. மேடையில் பேசும்போது மட்டும் அது எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

"தனியாகச் சொல்லியிருக்கலாமே." சொன்னேன். திருத்தவேண்டிய வரிகளையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். நீலச் சரி விழுந்தது, பதில் விழவில்லை. அப்புறம் ஆளுக்காள் சொல்லி என் காதுக்கு வந்தது, "அவருக்கு இந்தப் பக்கம் செய்யிற வேலை கிடைக்கேல்லை எண்டு எரிச்சல்."

எரிச்சல்தான், மறைக்கவில்லை. இங்கே கொக்குவிலில் இருக்கிற பெடியன் விலை சொன்னால் "தம்பி, கொஞ்சம் குறையுங்கோ." வெளியில் இருந்து ஒருவர் ரெடிமேட் டெம்ப்ளேற்றைத் தூக்கிப் போட்டால் பொன்னாடை. அந்தப் பொன்னாடைப் படத்தையும் பார்த்தோம். அதன் பின்னால் திரையில் அந்தப் பக்கம் ஓடுகிறது, லாப்டொப்பில்.

தொண்டாகச் செய்தாராம். செய்யட்டும். தொண்டாகச் செய்தாலும் ஒரு போனில் திறந்து பார்த்திருக்கலாம், அதற்குக் காசு இல்லை.

வெள்ளிக்கிழமை முடிவுத் திகதி. பட்டன் தெரியத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு கிழமை நீட்டுங்கள். அனுப்பின வரிகள் இன்னும் உங்கள் வாட்ஸ்அப்பில்தான் கிடக்கிறது, எடுத்துப் போடுங்கள். எனக்குக் காசும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம்.